அந்த நடிகருக்கு என்ன நோய் என்று நாம் ஏன் ஊகிக்க வேண்டும்? – விவாத இழை

தென்கடல் வாசகி, பாம்பன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாட்களாக நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு திரைப்பட நடிகர் விமான நிலையத்தில் நடந்து வருகிறார். முன்பு இருந்ததைவிட மெலிந்திருக்கிறார், கன்னம் ஒட்டியிருக்கிறது, சட்டை தோளில் தொங்குகிறது. அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை, நீங்களும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படத்துக்குக் கீழே ஒருவர் புற்றுநோய் என்கிறார், இன்னொருவர் கல்லீரல் என்கிறார், மூன்றாமவர் அவருடைய பழைய பழக்கவழக்கங்களை எல்லாம் இழுத்துப்போட்டு, தனக்கு அப்போதே தெரியும் என்கிறார். இவர்களில் ஒருவர்கூட மருத்துவர் இல்லை. மருத்துவராக இருந்தாலும் ஒரு படத்தைப் பார்த்து நோயைச் சொல்லிவிட முடியாது. நேற்று எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், அவர் இன்னும் ஆறு மாதம்தான் இருப்பாராமே, உண்மையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

2018 மார்ச் மாதத் தொடக்கத்தில் இந்தி நடிகர் இர்ஃபான் கான் தமக்கு அரியதொரு நோய் இருக்கலாம் என்று அறிவித்து, பரிசோதனை முடிவு வரும்வரை ஊகிக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டார். கேட்டவர்கள் எத்தனை பேர்? நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் அரிய கட்டி) என்று அவரே சொல்லும் வரையிலான இரண்டு வாரத்துக்குள் ஊடகங்கள் அவருக்கு என்னென்னவோ நோய்களைச் சூட்டிவிட்டன. அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மேன் 2016இலேயே பெருங்குடல் புற்றுநோய் என்று அறிந்து, சிகிச்சைக்கு நடுவிலும் நடித்துக்கொண்டிருந்தார். 2020ஆம் ஆண்டில் அவர் மெலிந்த தோற்றத்தைப் பார்த்துக் கேலி செய்தவர்கள், ஆகஸ்ட் மாதம் அவர் இறந்த செய்தி வந்தபோது தங்கள் பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. உடல்நலம் குன்றி விஜயகாந்தின் பேச்சு தடுமாறியபோது, அதைக் குடி என்று சொல்லிச் சிரித்த காணொளிகளை நாம் ஆண்டுக்கணக்கில் கைமாற்றினோம். அவர் உயிரோடு இருந்தபோதே இறந்துவிட்டதாக எத்தனை முறை வதந்தி வந்தது! 2023 டிசம்பர் 28 அன்று அவர் உண்மையாகவே இறந்தபோது அதே கைபேசிகளில்தான் கண்ணீர் அஞ்சலியும் வந்தது.

ஒருவருடைய உடம்பைப் பற்றிய செய்தி அந்த ஒருவருக்கே சொந்தம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

பழைய தலைமை எழுத்தர், மண்டபம் முகாம்

டீச்சர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நடிகர்களைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரியே. ஆனால் "ஒருவருடைய உடம்பு அவருக்கே சொந்தம்" என்ற வாக்கியத்தை ஆட்சியில் இருப்பவர்களுக்கும் நீட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புப் பார்த்தவன். கையொப்பம் இடுபவர் நலமாக இருக்கிறாரா என்பது கோப்போடு சம்பந்தப்பட்ட விஷயம்.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது நான் இளைஞன். பிறகு அவரை நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசென்றார்கள். சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. அந்த டிசம்பர் 24 அன்று தேர்தல். ஆண்டிபட்டியில் அவர் காலடி வைக்காமலே வென்றார். அவர் மருத்துவமனையில் உட்கார்ந்து உண்பதைக் காட்டும் படச்சுருளை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஊரில் அதைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் வாசலில் நின்று அழுததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் இருக்கிறாரா, இல்லையா என்று அறிய மக்கள் துடித்தது வெறும் வம்பு அல்ல.

2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்ந்தார். காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் என்றுதான் முதல் அறிக்கை சொன்னது. பிறகு 75 நாட்கள். ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. இடைத்தேர்தல் படிவத்தில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை இருந்தது. வதந்தி பரப்பியதாகப் பலர் மீது வழக்குப் பதிந்து, சிலரைக் கைதும் செய்தார்கள். டிசம்பர் 5 மாலையில் சில தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன, கட்சி அலுவலகத்தில் கொடி பாதிக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. அன்று இரவு 11.30க்குத்தான் அவர் உயிர் பிரிந்ததாக மருத்துவமனை அறிவித்தது. அந்த மாலையில் மண்டபத்திலிருந்து இராமநாதபுரத்துக்குப் பேருந்து ஓடுமா ஓடாதா என்று தெரியாமல் நின்றவர்களில் நானும் ஒருவன்.

நம் கடற்கரைக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எவரும் ஊகிப்பதில்லை. எண்ணைப் பார்த்து வள்ளத்தைக் கரையேற்றுகிறார்கள். கடல் பொங்கிக்கொண்டிருக்கும்போது கூண்டை ஏற்றாமல் விட்டால், ஆளுக்கு ஒன்று பேசத்தான் செய்வார்கள். குற்றம் பேசுகிறவர்களுடையதா, கூண்டு ஏற்றாதவர்களுடையதா?

கீழக்கரை வழக்கறிஞர்

மண்டபம் ஐயாவின் கேள்வி நியாயமானது. சட்டம் இந்த இரண்டையும் ஏற்கெனவே தனித்தனியாகப் பார்த்திருக்கிறது என்பதால் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே 1994இல், நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ராஜகோபால் வழக்கில், தனிமனிதர் தம்மைத் தம் போக்கில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை உண்டு என்றும், அரசுப் பதவியில் இருப்பவர் தம் பதவிக் கடமையோடு தொடர்புள்ள செயல்களுக்கு அந்தக் கேடயத்தைப் பிடிக்க முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. "கடமையோடு தொடர்புள்ள" என்ற சொற்களைக் கவனியுங்கள். முதலமைச்சரால் கோப்பைப் படித்து முடிவெடுக்க முடிகிறதா என்பது கடமையோடு தொடர்புடையது. அவருடைய எந்த உறுப்பில் என்ன கோளாறு என்பது பெரும்பாலும் அப்படி அல்ல.

மருத்துவர்களுக்கும் 2002ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிகள் உள்ளன. நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ பெரும் ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொற்றுநோய் ஆகிய சூழல்களைத் தவிர, நோயாளி பற்றி அறிந்ததை வெளியே சொல்லக் கூடாது. அந்த நோயாளி நடிகராகவோ அமைச்சராகவோ இருந்தால் சொல்லலாம் என்று எந்த விதியிலும் இல்லை.

ஒன்றை மட்டும் மண்டபம் ஐயாவின் பக்கம் நின்று சேர்க்கிறேன். கூண்டு ஏற்றினால் மட்டும் போதாது, அதில் உள்ள எண் உண்மையாகவும் இருக்க வேண்டும். பிரான்சு அதிபர் மித்தரான் பதவியேற்ற 1981லேயே அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்நல அறிக்கை வெளியிடுவதாக அவரே வாக்களித்திருந்தார். நோயை மறைத்த அறிக்கைகள்தான் ஆண்டுக்கணக்கில் வெளிவந்தன. 1996 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில், அவருடைய மருத்துவரே எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவிட்டார். பிரெஞ்சு நீதிமன்றம் புத்தகத்தைத் தடை செய்தது. 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குடும்பத்தார் துயரில் இருந்த அந்தத் தொடக்க நாட்களில் இடைக்காலத் தடை சரி, அதைத் தொடர்ந்து வைத்திருந்தது தவறு என்றது. மருத்துவர் இரண்டு முறை தவறினார் என்பது என் எண்ணம்: அதிபர் உயிரோடு இருந்தபோது நாட்டுக்குப் பொய் சொன்னார், இறந்தபின் நோயாளிக்குக் கொடுத்த வாக்கை மீறினார்.

தங்கச்சிமடம் தம்பி

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒன்று கேட்கிறேன். அந்த நடிகரின் படத்தை எங்கள் தெருக் குழுவில் போட்டவன் நான்தான். கேலிக்காகப் போடவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அவருடைய ரசிகர்கள். வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலில் அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதினேன். அன்பினால் கேட்பதும் தவறா? இன்னொன்று. சமந்தா 2022இல் தமக்கு மயோசிட்டிஸ் என்று சொன்ன பிறகுதான் அப்படி ஒரு தசை நோய் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. பிரபலங்களின் நோயைப் பற்றிப் பேசுவதால் நன்மையும் இருக்கிறதே?

செவிலியர், ஏர்வாடி

தம்பி, சமந்தா தாமாகச் சொன்னார். தாம் எப்போது சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எந்தப் படத்தோடு சொல்ல வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். 2013இல் ஏஞ்சலினா ஜோலி தமக்குப் புற்றுநோய் அபாயம் தரும் மரபணு இருப்பதையும், அதனால் மார்பகங்களை அகற்றிக்கொண்டதையும் தாமே எழுதினார். அதன்பின் உலகெங்கும் பெண்கள் பரிசோதனைக்கு முன்வந்தார்கள். நன்மை செய்தது அவர்களுடைய வாக்குமூலம். நாம் படத்தைப் பார்த்து ஊகித்ததால் எந்தப் பெண்ணும் பரிசோதனைக்குப் போனதாக என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. பயத்தால் பரிசோதனைக்கே போகாமல் இருந்தவர்களைத்தான் கண்டிருக்கிறேன். "அந்த நோய் என்று தெரிந்தால் என்னையும் இப்படித்தானே பேசுவார்கள்" என்று ஒரு பெண் என்னிடம் சொல்லியிருக்கிறார். மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் முந்தானையால் மூடிக்கொண்டிருந்தவர் அவர்.

உடம்பைவிட மனத்தைப் பற்றிய ஊகம் கொடியது. ஒரு நடிகை பொது மேடையில் சம்பந்தமில்லாமல் பேசிவிட்டால், உடனே "மூளை குழம்பிவிட்டது, ஏர்வாடிக்கு அனுப்புங்கள்" என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரின் பெயரே ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் சொல்லை எழுதுகிறவர்களுக்கு இது நினைவில் இருக்கிறதா?

அமெரிக்காவில் 1964இல் ஒரு பத்திரிகை, அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டரின் மனநிலை பற்றி நாட்டின் மனநல மருத்துவர்களிடம் கேட்டது. அவரை நேரில் பார்க்காமலே 1,189 பேர் அவர் தகுதியற்றவர் என்று எழுதிக்கொடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டு வென்றார். 1973இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம், தான் பரிசோதிக்காத, ஒப்புதல் தராத பொது மனிதரைப் பற்றி மருத்துவர் கருத்துச் சொல்லக் கூடாது என்று விதி வகுத்தது. படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது.

வேண்டிக்கொள்வதற்கு நோயின் பெயர் தேவையில்லை, தம்பி. தர்காவுக்கு வருகிறவர்கள் பெயரை மட்டும் சொல்லித்தான் துஆ கேட்கிறார்கள்.

தென்கடல் வாசகி, பாம்பன்

ஏர்வாடி அக்காவின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். தம்பி கேட்டது அன்பினால் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்பு எப்படிச் சுமையாகிறது என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. இதுவரை எங்கும் எழுதியதில்லை.

என் அப்பா பெரிய பிரபலம் அல்லர். ஆனால் இந்தத் தீவில் மீனவர் சங்கம் ஒன்றின் பொறுப்பில் இருந்தவர், சிறைப்பட்ட படகுகளுக்காக மேடை ஏறியவர் என்பதால் நாலு ஊருக்கு முகம் தெரியும். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் எல்லாம் கரையில் நின்று ஊரே வேலையற்று உட்கார்ந்திருந்த மே மாதத்தில், அவருக்கு வயிற்றில் வலி வந்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த அறிக்கையை என் அம்மாவே இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் அதன் கைபேசிப் படம் பாம்பனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இடத்தில் வேலை பார்த்த யாரோ நம் பக்கத்து ஆளுக்கு "உங்க ஊர்க்காரர்தானே" என்று அனுப்பியிருக்கிறார்கள். தீய எண்ணம் இருந்திருக்காது. அதில் இருந்த ஆங்கிலச் சொல் ஒன்றை ஊரில் ஒருவர் தவறாகப் படித்து, "முத்திவிட்டது" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மாலை ஆறு மணி இருக்கும். நான் அப்பாவின் கட்டிலருகில் ஸ்டூலில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைப் பையன். மிக மரியாதையாகப் பேசினான். "அக்கா, அப்பா வேட்டி சட்டையில் நிற்கிற மாதிரி ஒரு நல்ல படம் இருந்தால் அனுப்புங்கள். சங்கத்திலிருந்து கொடுத்த படம் பெரிதாக்கினால் உடைகிறது" என்றான். எதற்குப் படம் என்று கேட்கவே எனக்குச் சில நொடிகள் ஆயின. அப்பா கண்ணைத் திறந்து, "யாரும்மா?" என்றார். "பள்ளிக்கூடத்திலிருந்து" என்றேன். அவர் தலையணையைச் சரிசெய்யச் சொல்லி, கஞ்சியில் இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொன்னார்.

அவர் அதன்பின் நான்கு ஆண்டுகள் இருந்தார். ஆனால் திரும்பி வந்த பிறகு சங்கக் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டார். உடம்பு இடம் கொடுக்காமல் அல்ல. அவர் பேச எழுந்தால், பேச்சைக் கேட்காமல் எல்லோரும் அவர் வயிற்றையும் கண்ணின் மஞ்சளையும் பார்த்தார்கள். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. நாலு ஊர் முகத்துக்கே இது என்றால், நாடு முழுக்கத் தெரிந்த முகத்தின் வீட்டில் அந்தக் கைபேசி எத்தனை முறை அடிக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எஸ்.பி.பி. 2020 ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் 25 வரை கொரோனாவால் மருத்துவமனையில் இருந்தபோது, அவருடைய மகன் அடிக்கடி கேமராவின் முன் வந்து நின்று தந்தையின் நிலையைச் சொல்ல வேண்டியிருந்தது. சில நாட்களில் சொன்னது வதந்தியை மறுப்பதற்காக மட்டுமே. ஒரு மகன் அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலையா அது?

மண்டபம் ஐயா, உங்கள் கூண்டு உவமையை நான் மறுக்கவில்லை, அதையே பிடித்துக்கொள்கிறேன். கூண்டு ஓர் எண்ணைத்தான் காட்டுகிறது. கடலுக்குப் போகலாமா, கூடாதா என்பதற்கு அது போதும். பதவியில் இருப்பவர் பற்றியும் நாம் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்: அவரால் பணி செய்ய முடிகிறதா, முடியாவிட்டால் யார் செய்கிறார்கள், எத்தனை நாளைக்கு. அமெரிக்க அரசியலமைப்பின் 25ஆவது திருத்தத்தில் அதற்கு வழி இருக்கிறது. 2021 நவம்பரில் பைடன் மயக்க மருந்து எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரத்துக்கும் சற்று கூடுதலான பொழுதுக்குக்கூடத் துணை அதிபரிடம் எழுத்து மூலம் அதிகாரத்தை ஒப்படைத்தார்.

இராமேசுவரம் வாசகர்

ஒரு சிறு குறிப்பு மட்டும். 2015 ஜூலை 27 மாலை ஷில்லாங்கில் அப்துல் கலாம் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து இறந்தார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் தெருவில் பலர் முதலில் நம்பவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஜார்க்கண்டில் ஓர் அமைச்சர், அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் படத்துக்கு மாலை போட்ட செய்தியைப் படித்திருந்தோம். மறுபடியும் அதேபோல யாரோ தவறு செய்திருப்பார்கள் என்றுதான் நினைத்தோம். பொய்ச் செய்தி உண்மைச் செய்தியின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறது.

பழைய தலைமை எழுத்தர், மண்டபம் முகாம்

டீச்சர் அம்மா, தங்கள் தந்தையாரை மேடையில் கேட்டிருக்கிறேன். அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் ஏன் வரவில்லை என்று நாங்களும் எங்களுக்குள் பேசிக்கொண்டவர்கள்தான். அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எண் போதும் என்பதை ஏற்கிறேன். 2016 அக்டோபர் 11 அன்று ஆளுநர், முதலமைச்சரின் துறைகளை ஓ. பன்னீர்செல்வத்திடம் ஒப்படைத்து ஆணை வெளியிட்டார்; நிர்வாகத்துக்கு வேண்டிய எண் அதுதான். ஆனால் அது வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று என்பதையும், அதன்பின்னும் மக்கள் நம்பாததையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜெயலலிதாவின் மரணத்தை விசாரிக்க 2017இல் அமைத்த ஆறுமுகசாமி ஆணையம் அறிக்கை கொடுக்க 2022 ஆகிவிட்டது. சிகிச்சை முறையாகவே நடந்தது என்று எய்ம்ஸ் மருத்துவர் குழு சொன்ன பிறகும் சந்தேகம் தீரவில்லை. நோயின் பெயரைக் கேட்க எனக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். எண்ணை அன்றைக்கே, பொய்யில்லாமல் கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

கீழக்கரை வழக்கறிஞர்

அதில் எனக்கும் மாறுபாடு இல்லை, ஐயா.

தங்கச்சிமடம் தம்பி

படத்தை எங்கள் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். என்னிடமிருந்து வாங்கி வேறு குழுக்களில் போட்ட ஐந்து பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். மூன்று பேர் நீக்கினார்கள். அக்கா, அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

தென்கடல் வாசகி, பாம்பன்

நன்றி, தம்பி. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் போகாமல் நின்றாள். பிறகு, "எங்க அம்மாவும் அந்த மாதிரி மெலிஞ்சு போச்சு டீச்சர். கன்னம் அதே மாதிரி ஒட்டியிருக்கு" என்றாள். அவள் அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் அந்தப் பிள்ளை இரவு முழுக்கத் தன் அம்மாவைப் பற்றி எழுதியதாக நினைத்து வாசித்திருக்கிறாள்.

சனிக்கிழமை மூவருமாக இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தோம். இதை எழுதலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். மருத்துவமனைக்குப் போனது வரைக்கும் எழுதிக்கொள்ளச் சொன்னார். பரிசோதனை முடிவை அவரும் அவருடைய மகளும் வாங்கிக்கொண்டார்கள்.